முதுகு காட்டிக் குடித்தவள்

மிலான்
9 அக்டோபர் 1979

நீவெஸ் அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின் பாதியில் எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்து உறையைப் பிரித்திருந்தால், அப்படியே மூடி வைத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

என் முதலாளி கொர்பெத்தாவையும் அவர் மனைவியையும் நம் வீட்டு மேசைக்குக் கொண்டுவர நான் நாயாய் அலைந்தேன். நம் தோட்டத்து லம்புரூஸ்கோ ஒயின் முழுவதையும் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் எண்ணத்தோடுதான் அந்த மனிதர் வந்தார். அதனால்தான் தொலைபேசியில் அவ்வளவு கெஞ்சினேன். அஞோலியை வெண்ணெயில் புரட்டி வையுங்கள், சாறு வேண்டாம், முக்கியமாக அந்த ஊதாக் கண்றாவி வேண்டவே வேண்டாம் என்றேன். சரி சரி என்றீர்கள்.

பிறகு என்ன செய்தீர்கள்? கொதிக்கக் கொதிக்கக் கோழிச்சாற்றைக் கிண்ணங்களில் ஊற்றினீர்கள். மாவில் இறைச்சி பொதிந்த அஞோலிகள் அதில் மிதந்தன, அவற்றைச் சுற்றிக் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. அதன் தலையில் சிவப்பு ஒயினைக் கவிழ்த்தீர்கள். நுரை பொங்கி அடங்கியபோது கிண்ணத்தில் இருந்தது, பன்றி அறுத்த பிறகு முற்றம் கழுவிவிட்ட தண்ணீர். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. கொர்பெத்தாவின் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தோடு நின்றீர்களா? உங்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய், வந்த விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டி, கணப்பைப் பார்த்து நின்று, மாடு தண்ணீர் குடிப்பது போல உறிஞ்சினீர்கள்.

அந்தம்மாள் தோட்டத்தில் போய் வாந்தி எடுத்தாள். காரில் கொர்பெத்தா என்னிடம் கேட்டார்: "ஏன்ப்பா, உங்க அக்காவுக்கு எங்க மேல என்ன கோபம்? மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேன்னு திரும்பி நின்னுட்டாங்களே?" நான் என்ன பதில் சொல்வது?

இத்துடன் நான் எழுதிய சிறு புத்தகம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அமெரிக்கக் கடைகளில் புட்டிகளோடு வைக்கப் போவது. எந்த ஊர் ஒயின், எதனோடு சாப்பிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஒயினில் மிலானில் திராட்சைப் பாகு சேர்த்து இனிப்பாக்குவார்கள். அமெரிக்கர்களுக்கு நம் புளிப்பும் துவர்ப்பும் ஆகாது. புட்டியில் பெயர் மட்டும் நம் பெயரேதான், அவோசானி. வீடும் தோட்டமும் இருவர் பெயரிலும் இருப்பதால் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் பதினொன்றில், சான் மர்த்தீனோ திருநாள் அன்று, டேங்கர் வரும். கையெழுத்து அதற்கு முன் வேண்டும்.

லெயார்கோ அவோசானி


கோர்த்தே நேரா, வியதானா வழி
13 அக்டோபர்

தம்பி லெயார்கோ,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய், முழுப் பெயரில் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். உன் மூக்கைச் சிந்திவிட்ட கை இது. போகட்டும், மரியாதை கிடைக்கிற அன்றைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உன் புத்தகத்தைச் சமையலறையில் நம் வேலைக்காரி அர்ஜியாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலேயே "அலையலையாய் எழும் குன்றுகளின் மடியில்" என்று வந்தது. "எந்தக் குன்றுங்க?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான், தம்பி. இந்த ஊரில் உயரமானது போ ஆற்றின் கரைமேடு ஒன்றுதான். அதில் ஏறினால் பக்கத்துப் பண்ணைக் கோழிகள் தெரியும். "ஆண்டு முழுதும் பொன்வெயில்" என்று வேறு எழுதியிருக்கிறாய். இன்று காலைப் பனிமூட்டத்தில் அர்ஜியா தபால்காரரை நம் நாய் என்று நினைத்து அதட்டினாள்.

அடுத்த பக்கம் வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐஸ் கட்டியும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு அருந்தவும். சாக்லேட் கேக், வறுத்த கோழி, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் ஆகியவற்றோடு அருமையாகப் பொருந்தும்." சீ! படிக்கும்போது நிஜமாகவே குமட்டியது. "ஐஸா? யாருக்குக் காய்ச்சல்?" என்றாள் அர்ஜியா.

நம் கொடி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில், ஈரத்தில், கொசுக்கடியில் வளர்கிறது. அதனால்தான் ஒயின் கறுப்பாக இருக்கிறது, வாயைப் பிடித்து இழுக்கிறது. இழுக்கத்தான் வேண்டும். இந்த ஊரில் எதைத் தின்றாலும் கொழுப்பு, அந்தக் கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்துவிடத்தான் இதைக் குடிக்கிறோம். பூண்டு போட்ட சலாமியைக் கட்டைவிரல் தடிமனுக்கு அரிந்து வைத்துக் குடி. தோல் பிசுபிசுக்க வெந்த கொத்தேக்கினோ பன்றித் தொத்திறைச்சியோடு குடி. இதே ஒயினில் ஊறி, இதிலேயே வெந்த கழுதைக்கறியோடு குடி. மாவில் பூசணி பொதிந்த தொர்தெல்லிக்கும் இதுதான், ஏனென்றால் பூசணியில் ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது. இனிப்புக்கு மேல் இனிப்பு வைக்கிறவன் விருந்து வைக்கவில்லை, ஈ பிடிக்கிறான். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு வெட்கம்.

இனி முதுகு. பெவ்ரின், அதுதான் அந்த ஒயின் ஊற்றிய சாறு, குடிக்கும்போது ஏன் மேசைக்கு முதுகைக் காட்டுகிறோம் என்பது உனக்கு மறந்துவிட்டதா, அல்லது மறந்த மாதிரி நடிக்கிறாயா? அம்மா என்ன சொல்வாள்? "மொத வாயில மூஞ்சி பொய் சொல்லாதுடா. அந்த மூஞ்சிய நெருப்புக்குக் காட்டு, ஆளுங்களுக்குக் காட்டாத." சாறு சரியில்லையென்றால் சமைத்தவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக வைத்த மரியாதை அது. வீட்டுக்காரி முதலில் எழுந்து போவாள், பின்னாலேயே எல்லோரும் கிண்ணத்தோடு வருவார்கள். அன்றும் அப்படித்தான் எழுந்து போனேன். மிலான்காரர்களுக்குத் தெரியாது, நீ கூட்டிக்கொண்டு வருவாய் என்று கணப்பு முன் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், நீ முள்கரண்டியால் அஞோலியைப் பொறுக்கி எடுத்துத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கணப்புக்கு முதலில் ஓடுகிறவன் நீ.

புறமுதுகு காட்டியது நான் என்கிறாய். நான் நின்ற இடத்தில்தான் நின்றேன். காரில் ஏறி ஓடியவன் நீ.

கையெழுத்துப் போட மாட்டேன். பாகில் நம் பெயரை ஒட்ட விடமாட்டேன்.

அக்கா நீவெஸ்


மிலான்
17 அக்டோபர்

அக்கா,

சரி, நீ என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் மரியாதை நிற்க மாட்டேன் என்கிறது.

என் புத்தகம் உனக்குக் குமட்டியது. எனக்கு எது குமட்டும் என்று நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? இந்த ஊருக்கு வந்த புதிதில் என் கோட்டில் பன்றிக் கொழுப்பு வாடை இருந்தது. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். ஆபீஸ் கேன்டீனில் முதல் நாள் சூப் வைத்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் ஒயினை எடுத்து அதில் ஊற்றியது. ஒரு பெண் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு என் பெயர் சூப்பு. "டேய் சூப்பு, இன்னிக்கு எதுல எத ஊத்தப் போற?" என்று வருவோர் போவோரெல்லாம் கேட்பார்கள். அந்தப் பெயரை உதிர்க்க நான் என்னென்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. சத்தமில்லாமல் கரண்டி பிடிக்கக் கற்றேன், ஊர்ப் பேச்சை மாற்றினேன், கழுதை வண்டி இழுக்கிற பிராணி, தின்கிற பிராணி இல்லை என்று முகம் மாறாமல் சொல்லப் பழகினேன். ஃபுல்வியாவைக் கட்டினேன். அவள் வீட்டில் சலாமியைக் கண்ணாடித்தாள் மாதிரி அரிவார்கள்.

அதையெல்லாம் நீ ஒரே கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டாய். அன்று அந்தச் சாறு ஊதாவாகப் பொங்கியபோது எனக்கு உன் மேல் வந்த அருவருப்பைச் சொன்னால் நீ தாங்கமாட்டாய். உறிஞ்சிய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா சொன்னது, நெருப்புக்குக் காட்டுவது, இதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. யாருக்கு விற்கப் போகிறாய்? நம் ஊரில் குடிக்கிறவன் எல்லாம் வீட்டிலேயே பிழிந்துகொள்கிறான். போன வருடப் புட்டிகள் நிலவறையில் கிடந்து ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. ஐஸ் போட்டாவது ஒருவன் குடித்தால் கொடி பிழைக்கும். குடிக்க ஆளில்லாவிட்டால் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போட வேண்டியதுதான்.

ஒரு நல்ல செய்தி. கொர்பெத்தாவின் வருத்தம் தீர்ந்துவிட்டது, முழுச் சம்மதம் என்கிறார். அன்று நடந்ததை நான் பேசிச் சரிக்கட்டிவிட்டேன். எப்படி என்று மட்டும் கேட்காதே. கையெழுத்துப் போடு, அக்கா.

லெயார்கோ


கோர்த்தே நேரா
23 அக்டோபர்

லெயார்கோ,

எப்படி என்று கேட்காதே என்றாய், நானும் கேட்கவில்லை. பதில் தானாகக் காரில் வந்து இறங்கியது.

நேற்று மதியம் கொர்பெத்தாவின் டிரைவர் வந்தான். கையில் பூ ரிப்பன் கட்டிய கூடை. கெமோமில் தேநீர், சர்க்கரையில்லாத பிஸ்கட், தலைக்குத் தேய்க்க ஏதோ வாசனை எண்ணெய். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எட்டியே நின்றான். கடித்துவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது.

"அம்மா, மேடம் குடுத்துவிட்டாங்க. சீக்கிரம் நல்லாயிடுவீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

"எனக்கு என்னப்பா?"

"இல்லம்மா... உங்க தம்பி எல்லாம் சொன்னாரு. அந்த நரம்புச் சீக்கு. திடீர்னு ஆளுங்களப் பாக்கப் பிடிக்காம செவுத்தப் பாத்து நின்னுடுவீங்களாமே. சாப்பாட்டுல கண்டதையும் ஊத்திக் கலக்கிடுவீங்களாமே. கேட்டுட்டு மேடம் அழுதுட்டாங்கம்மா. பாவம், வயசுகூட ஆகலையேன்னு."

"பைத்தியத்துக்கு இவ்ளோ பிஸ்கட்டா? அப்ப எனக்கும் கொஞ்சம் பிடிக்கட்டும்" என்று அர்ஜியா கூடைக்குள் கையை விட்டாள். பிடுங்கிக்கொண்டு போய்ப் பன்றிக் கொட்டிலில் கொட்டினேன். பன்றி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

நான் அழவில்லை. வாந்தி வருவதற்கு முன் வாயில் உப்பு ஊறுமே, நேற்றிலிருந்து அதுதான் ஊறிக்கொண்டிருக்கிறது. நான் செய்த சாற்றைப் பன்றி கழுவிய தண்ணீர் என்றாய், பொறுத்தேன். மாடு என்றாய், அதையும் பொறுத்தேன். நீ சொல்ல வேண்டியிருந்தது ஒரே வரி. "அது எங்க வீட்டுப் பழக்கம், நானும் அப்படித்தான் குடிப்பேன்." அதைச் சொல்வதற்குப் பதில் கூடப்பிறந்தவளைப் பைத்தியமாக்குவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். நம் ஊரில் பூசணியும் உண்டு, சோறும் உண்டு, இதுவரை ஒருவனும் மறைத்ததில்லை.

நீ தொட்ட எதைப் பார்த்தாலும் இன்று எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்தக் காகிதம் உன் கைக்கு வரப் போகிறதே என்பதுகூட.

ஆனால் கேள். இன்று காலை வியதானா போய் நோட்டரியிடம் விசாரித்தேன். புத்தி சரியில்லாதவள் போடும் கையெழுத்து செல்லாதாம். ஆக, உனக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், பைத்தியக்கார அக்கா அல்லது அவள் கையெழுத்து. கொர்பெத்தாவின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல். உன் அக்கா தெளிவாக இருக்கிறாள், அது நம் வீட்டு வழக்கம், நீயும் அப்படிக் குடித்து வளர்ந்தவன்தான் என்று சொல். சொல்லிவிட்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆமாம், சரியாகத்தான் படித்திருக்கிறாய். பாகு ஊற்றட்டும், ஐஸ் போடட்டும், கேக்கில் தோய்த்துத் தின்னட்டும். ஒயின் கெட்டால் அடுத்த வருடம் இன்னொன்று காய்க்கும்.

நீவெஸ்


மிலான்
27 அக்டோபர்

அக்கா,

டிரைவர் இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை. அந்தம்மாள் நல்ல எண்ணத்தில் அனுப்பியிருக்கிறாள்.

அன்று காரில் கேட்டபோது எனக்கு வாய்க்கு வந்தது அதுதான். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் வாந்தி வாடையோடு அவர் மனைவி. அந்த நேரத்தில், "அது எங்கள் வழக்கம், நானும் குடிப்பேன்" என்று சொல்லியிருந்தால் மறுபடியும் சூப்பு ஆகியிருப்பேன். சீக்கு என்றதும் அவர் என் தோளைத் தட்டினார். அவ்வளவு இதமாக இருந்தது அது.

நோட்டரி சொன்னது சரி. கம்பெனி வக்கீலும் அதையே கிளப்புகிறார். ஆனால் ஒரு வழி இருக்கிறது. டாக்டர் பொன்தியோலிக்கு உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். சிகிச்சை முடிந்தது, இப்போது பூரண நலம் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும், எல்லோருக்கும் நல்லது. மிலானில் யாருக்கு உன்னைத் தெரியும்? இங்கே நீ பைத்தியமாக இருந்து குணமானால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். எனக்கே நாறுகிறது. ஆனாலும் அனுப்புகிறேன். வேறு வழி தெரியவில்லை.

லெயார்கோ


கோர்த்தே நேரா
30 அக்டோபர்

லெயார்கோ,

குணமாவதற்கு முதலில் நோய் இருக்க வேண்டும். டாக்டரிடம் போக வேண்டியது நான் இல்லை.

பேனாவில் மை நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறேன். சான் மர்த்தீனோ வரை அது அங்கேயே இருக்கும். நீ சொல்ல வேண்டிய வரியும் உனக்குத் தெரியும்.

இன்னொரு தடவை "உனக்கு என்ன குறைந்துவிடும்" என்று எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன்.

நீவெஸ்


மிலான்
5 நவம்பர்

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று மதியம் கொர்பெத்தா வீட்டில் விருந்து. ஒயினுக்குப் பெயர் சூட்டும் விருந்து மாதிரி. கம்பெனி ஆட்கள், வக்கீல், புட்டிக்குப் படம் வரைகிற ஒரு தாடிக்காரன், எல்லோரும் இருந்தார்கள். சாப்பாடு வருவதற்கு முன்பே எழுந்து நின்றேன், சாப்பிட்டால் தைரியம் போய்விடும் என்று. "ஐயா, எங்க அக்காவுக்கு ஒரு சீக்கும் இல்ல. நான் பொய் சொன்னேன். அது எங்க ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் குடிப்பேன், இப்படித் திரும்பி நின்னுதான் குடிப்பேன்" என்றேன். வேலை போகும், திட்டுவார், எழுந்து போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் கைதட்டினார்.

"அடப்பாவி, இத்தன நாள் ஏன்ப்பா மறைச்ச? இது சீக்கு இல்லப்பா, விளம்பரம்! எல்லாருக்கும் முதுகக் காட்டிக் குடிக்கிற பொம்பள! யாரு கிட்ட இருக்கு இந்த மாதிரி?" அவர் வாயை மூடுவதற்குள் தாடிக்காரன் கைத்துடைப்பான் தாளில் உன்னை வரைந்துவிட்டான். பின்பக்கமாக. இடுப்பு ஒரு பிடி. மேலங்கியின் முடிச்சு வண்ணத்துப்பூச்சி மாதிரி. முன்னால் கணப்பு. நான்தான் அவனுக்கு உன் தலைமயிர் எப்படி முடிந்திருக்கும் என்று சொன்னேன், அக்கா. கேட்டான், வாய் சொல்லிவிட்டது.

பிறகு செய்து காட்டு என்றார்கள். அந்த வீட்டுக் கணப்பில் நெருப்பு இல்லை. பிளாஸ்டிக் விறகுக்கு அடியில் சிவப்பு பல்பு எரிகிறது. சூப்புக் கட்டியைக் கரைத்துக் கொண்டுவந்தார்கள், கடையில் வாங்கிய ஏதோ ஒன்றை அதில் மிதக்க விட்டார்கள். அதன்மேல் நம் ஒயின். போன வருடம் நீ அனுப்பியது, இப்போது பாகு சேர்த்தது. ஊற்றினேன். நுரை வரவில்லை. பல்பைப் பார்த்துத் திரும்பி நின்று முதல் வாய் குடித்தேன்.

சூட்டில் பாகு மட்டும் மேலே வந்துவிட்டது. கொழுப்பை அறுக்க ஒன்றும் இல்லை, இரண்டும் சேர்ந்து மேல் அண்ணத்தில் தோலாகப் படிந்தது. இருமல் மருந்தைக் கோழிக்கொழுப்பில் காய்ச்சி, யாரோ குடித்துவிட்டு மிச்சம் வைத்த கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் அப்படி இருக்கும். பின்னால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். துப்ப முடியவில்லை, விழுங்கினேன். பிறகு கிண்ணத்தையே காலி செய்தேன், ஏனென்றால் முடித்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் அவர்களைப் பார்க்க வேண்டும். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று அந்தச் சிவப்பு பல்புக்கு மட்டும்தான் தெரியும். அம்மா எதற்காக அப்படிச் சொன்னாள் என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது.

திரும்பியபோது கொர்பெத்தாவின் மனைவி இரண்டாவது கிண்ணத்தில் இருந்தாள். நம் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாளே, அவளேதான். உதட்டில் ஊதாப் பசை. "ஐயோ, எவ்ளோ இனிப்பா இருக்கு! அன்னிக்கு உங்க அக்கா குடுத்தது ஏன் இப்படி இல்ல?" என்று கேட்டாள். என் மேல், அவள் மேல், அந்தக் கிண்ணத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் ஒரே நேரத்தில் எனக்கு அருவருப்பு வந்தது.

வக்கீல் ஒப்பந்தத்தை நீட்டினார். "உங்க அக்காதான் தெளிவா இருக்காங்களே, இனி என்ன?" என்றார். நீ போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். மை நிரப்பி வைத்திருந்தாய். தெரியும். நான்தான் போடவில்லை. "நான் கையெழுத்துப் போடலைங்கய்யா" என்றேன்.

கொர்பெத்தா கோபப்படக்கூட இல்லை. "அதனால என்னப்பா. அந்த ஆத்தங்கரையில திராட்சை உங்க வீட்டுல மட்டுமா காய்க்குது?" என்று சிரித்துக்கொண்டே, உன் படம் வரைந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டேங்கர் பக்கத்துப் பண்ணை எதற்காவது போகும். அவோசானி என்ற பெயர் அமெரிக்காவுக்குப் போகாது, அக்கா. உன் முதுகு போகும்.

எனக்கு இனி அங்கே வேலை இல்லை. உன் ஒயினுக்கும் ஆள் இல்லை. ஃபுல்வியா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சான் மர்த்தீனோவுக்கு ரயிலில் வருகிறேன், தனியாக. கதவைத் திறக்காவிட்டால் கரைமேட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தம்பி


கோர்த்தே நேரா
8 நவம்பர்

தம்பி,

தபால்காரர் இப்போதெல்லாம் பனிமூட்டத்தைச் சாக்கு வைத்துச் சரியாக வருவதில்லை. அவர் இதை எடுத்துப் போவதற்குள் நீ வந்துவிட்டால், மேசைமேல்தான் இருக்கும், எடுத்துப் படித்துக்கொள்.

படத்தைப் பற்றி அர்ஜியாவுக்குச் சொன்னேன். "இடுப்பு ஒரு பிடியா? அப்ப அது நீங்க இல்ல, விடுங்க" என்றாள். நான் விடவில்லை. யாரோ ஒருவன் வீட்டு ஐஸ் பெட்டிக்குள் என் முதுகு நிற்கப் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. நேற்று முழுவதும் கணப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. பிறகு குளிர் தாங்காமல் போனேன். இருக்கட்டும், முகம் அவர்களிடம் இல்லை.

என் தலைமயிரைப் பற்றி நீ ஏன் சொன்னாய்?

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. அந்தக் கூடைப் பிஸ்கட் இன்னும் கொட்டிலில் ஊறிக் கிடக்கிறது, பன்றியும் தொடவில்லை, நாங்களும் தொடவில்லை. அதை அள்ளிப் போட வேண்டியது நீ. பேனாவில் மை காய்ந்துவிட்டது. நிலவறை நிறைய ஒயின் இருக்கிறது, அதை விற்கிற வழியையும் நீதான் பார்க்க வேண்டும். புத்தகம் எழுதத் தெரிந்தவன்தானே, இன்னொன்று எழுது. குன்று, பொன்வெயில் என்று எழுதாதே. கொசு என்று எழுது, வண்டல் என்று எழுது, கழுதைக்கறி என்று எழுது. படித்துவிட்டு முகம் சுளிக்கிறவன் வேறு ஏதாவது வாங்கிக் குடிக்கட்டும்.

கதவு திறந்துதான் இருக்கும், அதை யார் எப்போது பூட்டினார்கள்? சனிக்கிழமையே கோழியை வெட்டிவிடுவேன். புட்டி ஒன்றைத் திறந்து பார்த்தேன், சரியான புளிப்பு, பல் கூசுகிறது. வந்ததும் கோட்டைக் கழற்றிக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிடாதே. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கணப்புக்குப் போ. முதல் வாய்க்கு உன் முகம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

நீவெஸ்